பெயரளவு

தந்தில் ஊரில் கல்லறைக்கல் வெட்டும் செல்ஸோ
எழுத்துக் கணக்கில் கூலி வாங்குகிறவர்.
இடைவெளிக்குக் காசில்லை.
புள்ளிக்குப் பாதி.

எர்மெனெஹில்தோ பாஸோ:
முன்னால் பன்னிரண்டு, பின்னால் ஐந்து.
"முதல் எழுத்து வாயில் வராதே, அதற்குமா?"
என்றாள் ஒத்தீலியா.
ஊமை எழுத்து அது; அவர்கள் மொழியில் ஆச்சே என்று பெயர்.
"வாய் விழுங்கினாலும்
உளி தோண்டித்தானே ஆகணும்," என்றார் செல்ஸோ.

எழுத்துக்கு நாலாயிரம் பெஸோ.
பதினேழுக்கு அறுபத்தெட்டாயிரம். கையில் இருந்தது,
லாரி ஓட்டி அவன் விட்டுப்போன காசு.
ஆனால் புதைத்த மண் இறங்க ஒரு வருடம் ஆகும்,
முன்னால் நட்டால் கல் சாயும்.
அதுவரை சும்மா கிடப்பானேன் என்று
முப்பது நாள் வைப்பில் போட்டாள்.
எழுபத்தைந்து சதவீதம்!
ரசீதில் அச்சாகியிருந்தது: பெயரளவு ஆண்டு வட்டி.
பொருத்தமான வார்த்தை என்று நினைத்துக்கொண்டாள்.
பெயருக்காகத்தானே போடுகிறோம்.

வியாழக்கிழமை தலைநகரத்து மத்திய வங்கி
எண்ணைச் சொல்லும்.
இறைச்சிக் கடை ரேடியோவில் ஒரு வியாழன்
தொண்ணூற்றேழு என்றது.
கவுண்டரில் ரொமினா விளக்கினாள்:
வட்டி ஏறினால் பெஸோ வங்கியில் தங்கும்,
டாலரைத் தேடி ஓடாது,
பணம் உட்கார்ந்தால் விலையும் உட்காரும்.
சொன்னவள் சம்பளத்தன்று மதியமே
நாலு மாதத்துக்கு டயப்பர் வாங்கி அடுக்கியிருந்தாள்.

மூன்றாம் மாதம் கணக்கில் எண்பத்திரண்டாயிரத்துச் சொச்சம்.
செல்ஸோவின் பலகையில் எழுத்து ஐயாயிரத்து நானூறு.
புருஷன் பின்பக்கமிருந்து தேயத் தொடங்கினான்.
முதலில் கடைசி ஓ,
அடுத்து ஒரு எஸ்.
ஏழாம் மாதம் லட்சத்துப் பன்னிரண்டாயிரம்,
வாழ்நாளில் அவள் பார்த்திராத தொகை,
பாஸோவில் மிச்சம் ஒரு பி.

நூற்றுப் பதினெட்டு என்றது ரேடியோ.
யாரும் தலை தூக்கவில்லை, எலும்பு வெட்டும் சத்தம் மட்டும்.
அந்த மாதம் பி-யும் போயிற்று.
செல்ஸோ காதருகே குனிந்து கேட்டார்:
"ஆச்சேயை எடுத்துவிட்டால் பி தங்கும்.
யாருக்குக் கேட்கப் போகிறது?"
அவள் மாட்டேன் என்றாள்.
அவன் கையெழுத்தில் அதுதான் பெரிசு,
இரண்டு கம்பமும் ஒரு குறுக்குச் சட்டமும்,
கேட் மாதிரி.

பிறகு விலைகளுக்கு மூச்சு வாங்கியது.
வங்கி இறக்கிக்கொண்டே வந்தது,
எண்பது, அறுபது, நாற்பது.
"எங்கள் வட்டியைத் தின்றுவிட்டீர்கள்!"
வரிசையில் ஒரு கிழவர் கத்தினார், சிலர் கை தட்டினார்கள்.
ஒத்தீலியா ரசீதின் முதுகில் கணக்குப் போட்டாள்.
பன்னிரண்டு எழுத்து.
அடுத்த மாதமும் போட்டாள்.
பன்னிரண்டு.
நூற்றுப் பதினெட்டில் நிற்காதவன்
நாற்பதில் நிற்கிறானே என்று
கிழவரிடம் சொல்ல வாயெடுத்தாள்.
அவர் பஸ் வந்துவிட்டது.

ஊரும்தான் நின்றது. பாதி எழும்பிய சுவர்கள்,
மூடிய டைல்ஸ் கடை, நிற்காத கடன் தவணை.
செல்ஸோவிடம் வேலை பார்த்த நவேல்
தெற்கே எண்ணெய்க் கிணற்றுக்குப் போய்விட்டான்.
வருடம் முடிந்து அவள் போனபோது
மெஷின்மேல் பழைய போர்வை.
"பன்னிரண்டுக்கு இருக்கிறது," என்றாள்.

அவர் பலகையை முழங்கையால் அழித்தார்.
"சாவு குறையவில்லை, கல் கேட்டுத்தான் யாரும் வருவதில்லை.
இருப்பதைக் கொடு, முழுப் பெயரும் வெட்டுகிறேன்.
உளி துருப்பிடிக்காமல் இருக்கட்டும்."

சாக்கட்டியால் கல்லில் கோடு கிழித்துவிட்டு
முதல் எழுத்துக்கு உளியை வைத்தார்.
"இல்லை," என்று அவர் கையைப் பிடித்தாள்,
"அந்தக் கடைசி ஓவிலிருந்து வா."